மேல் ரூம் இல்லாத வரைபடம்

எங்கள் சந்தில் டேப்பைக் கையில் எடுப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் தையற்காரர், இன்னொருவர் சர்க்கார் ஆள். தையற்காரருடையது துணி டேப், கழுத்தில் தொங்கும், அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. இரும்பு டேப் வேறு சங்கதி. அது சரக்கென்று உள்ளே சுருளும் சத்தம் கேட்டால் தாராவியில் தூங்குகிற ஆளும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அங்கேயே பிறந்து பத்தொன்பது வருஷம் வளர்ந்த எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அப்போது நான் காலேஜில் சேர்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தலைக்கனம் ஏற ஆறு வாரம் தாராளம்.

கட்டடக்கலையும் சூழல் வடிவமைப்பும் என்று படிப்பின் பெயர். ஐந்து வருஷம். உம்மா சொந்தக்காரர்களிடம் "இஞ்சினியருக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். முலுண்டில் இருக்கும் மாமி, திரைச்சீலைக்கு என்ன கலர் போடலாம் என்று என்னிடம் யோசனை கேட்டாள். வாப்பா ஒருவர்தான் "வீடு வரையுத படிப்பு" என்று சரியாகச் சொன்னார். அவருக்குச் சந்தின் முனையில் தோல் பை செய்கிற பட்டறை இருக்கிறது. கோடு தப்பினால் தோல் பாழ் என்று தெரிந்த மனுஷர் என்பதால், என் படிப்பின் மேல் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. என் ஷீட்டுகளைச் சுருட்டி வைக்கும் கருப்புக் குழாய்க்குத் தோலில் வார் தைத்துக் கொடுத்ததும் அவர்தான். அந்தக் குழாயோடு சயானில் மின்ரயிலின் லேடீஸ் பெட்டிக்குள் ஏறி நான் வாங்கிய வசவுகளைத் தனிப் புத்தகமாகவே போடலாம்.

ஆறாவது வாரம் ஒரு வேலை கொடுத்தார்கள். அவரவர் குடியிருக்கும் வீட்டை அளந்து வரைய வேண்டும். கூடவே ஒரு வாரத்துக்கு, காலை எட்டு, பதினொன்று, மதியம் இரண்டு, மாலை ஐந்து என்று நாலு வேளை வீட்டுக்குள் சூடு எவ்வளவு என்று குறிக்க வேண்டும். வெயில் எங்கிருந்து வருகிறது, காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று படத்தில் காட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு தெர்மாமீட்டர் தந்தார்கள். காய்ச்சல் பார்ப்பதல்ல, சுவரில் மாட்டுவது.

பக்கத்து மேஜையில் இருந்தவள் செம்பூரிலிருந்து வருகிறவள். "எங்க வீட்ல மூணு பாத்ரூம், அளந்து முடிக்கவே ஒரு நாள் ஆகும்" என்று சலித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் பாத்ரூம் கிடையாது. பாத்திரம் கழுவவும் குளிக்கவும் மூலையில் ஒரு மோரி, மூன்றடிக்கு மூன்றடி. அரை நிமிஷத்தில் அளந்துவிடலாம். அவள் கெட்டவள் இல்லை, என்னைக் குத்துவதற்காகவும் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் தாதரில் இறங்கி ஒரு இரும்பு டேப் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன். எங்கள் வீடு பத்துக்குப் பதினைந்து என்று பிறந்ததிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். டேப் வைத்துப் பார்த்தால் ஒன்பதடி நாலு அங்குலம், பதினாலடி ஒரு அங்குலம். ஓதம் அடிக்கிற சுவருக்கு மேல் பூச்சு, பூச்சுக்கு மேல் டைல்ஸ், அதற்கு மேல் இன்னொரு டைல்ஸ் என்று வீடு உள்பக்கமாகவே வளர்ந்து வந்திருக்கிறது.

"அப்ப மிச்சத்த எவன் தின்னான்?" என்று உம்மா கேட்டாள்.

சுவரின் கனம் தெரிய வேண்டுமென்றால் வெளியே இருந்தும் அளக்க வேண்டும். வாசலில் இறங்கி டேப்பைச் சுவரோடு இழுத்துப் பிடித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

எதிர் வீட்டுக்காரர் முதலில் எட்டிப் பார்த்தார். நான் நோட்டில் எண்ணை எழுதுவதைப் பார்த்ததும் உள்ளே போய், தன் தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் ஓரடி முன்னால் வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெஞ்சைப் போட்டார். வீடுகளை இடித்துக் கட்டுவதற்கான சர்வே வந்துவிட்டது, பட்டறைக்காரர் மகள்தான் எழுதுகிறாள் என்று பேச்சு சந்தின் மறுமுனைக்குப் போய், பில்டர் ஆட்கள் பட்டறைக்காரரை வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்று திரும்பி வந்தது. பிளாஸ்டிக் பையில் போட்ட ரேஷன் கார்டோடு ஐந்தாறு பேர் என் முன்னால் வந்து நின்றார்கள். "எழுததுதான் எழுதுத, ஒரு அடி கூட்டி எழுது தாயி" என்றார் ஒருவர். காலேஜ் வேலை, வீட்டுப்பாடம், மார்க்குக்காக என்று நான் தமிழிலும் இந்தியிலும் கத்தினேன். கத்தக் கத்த அவர்களுக்குச் சந்தேகம் கூடியது.

அப்போதுதான் எங்கள் மேல் ரூம் அக்கா இரும்பு ஏணியில் பாதி இறங்கி வந்து நின்றாள்.

எங்கள் வீட்டுக்கு மேலே வாப்பா கட்டிய ரூம் அது. சந்திலிருந்தே செங்குத்தாக ஒரு ஏணி, ஏறினால் ஒரு அறை, அதற்கு மேல் தகரம். அக்காவும் அவள் புருஷனும் அப்போதே பதினோரு வருஷமாக அங்கே வாடகைக்கு இருந்தார்கள். தென்காசிப் பக்கத்துக்காரர்கள். அக்கா மாட்டுங்காவில் இரண்டு வீட்டில் சமைக்கிறாள். நான் அண்ணன் என்று கூப்பிடும் அவள் புருஷன் ஒரு கட்டடத்தில் ராத்திரி வாட்ச்மேன், பகலில் வந்து தூங்குவார். அக்கா அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கும் கூட்டம் கலைகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, "மேலயும் அளப்பியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"அளப்பேங்க்கா" என்றேன்.

வாப்பா மதியம் லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் பள்ளிவாசலிலேயே அவரிடம் நாலு பேர் விசாரித்துவிட்டார்கள். பில்டர் எவ்வளவு தருகிறான் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். வந்ததும் கதவைச் சாத்தினார்.

"வேலியில போன ஓணானப் புடிச்சு மடியில விட்டுட்டியே புள்ள. உள்ள இருந்து அளந்தாப் போதாதா?"

"சுவரோட கனம் தெரியணும் வாப்பா."

"இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. சரி, அத விடு. மேல் ரூமக் காயிதத்துல ஏத்தாத."

எங்கள் பகுதியில் இது எழுதாத சட்டம். எல்லோருக்கும் மேல் ரூம் உண்டு, எவருடைய காகிதத்திலும் மேல் ரூம் கிடையாது. கேட்டால் சாமான் போட்டிருக்கிற மாலா, அதாவது பரண் என்று சொல்வோம். கட்டும்போது அனுமதி வாங்கியவர் யாரும் இல்லை. வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் நாளில் கீழே இருப்பவருக்கு என்ன, மேலே இருப்பவருக்கு என்ன என்று ஆளுக்கொரு பேச்சு. மேலே ஆள் இருக்கிறது என்று எழுதினால் கீழே இருக்கிறவருக்குக் குறையும் என்று ஒரு பயம். வாப்பாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. அவர் யாரையும் ஏமாற்றி வாழ்ந்தவரில்லை, ஆனால் அவரிடம் இருப்பது அந்த ஒன்பதடி நாலு அங்குலம்தான்.

நான் அவரோடு சண்டை போடவில்லை. இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வாப்பா சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது. துரு ஏறிய ஏணியையும், ஒரு வீட்டின் தலையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு வீட்டையும் அந்தச் செம்பூர்க்காரி முன்னால் மாட்டிக்காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. மேல் ரூமை எடுத்துவிட்டால் எங்கள் வீடு கொஞ்சம் கண்ணியமாகத் தெரியும் என்று நினைத்தேன். அக்காவிடம் சொன்ன வார்த்தை ஞாபகம் இருந்தது. மறந்ததுபோல் இருந்துவிட்டேன்.

படம் அழகாக வந்தது. மேல் ரூமை எடுத்துவிட்டு, அதன் தகரத்தை அப்படியே இறக்கி எங்கள் வீட்டுக்குக் கூரையாகப் போட்டேன். ஏணி இருந்த இடத்தில் ஒரு துளசிச் செடி வரைந்தேன். எங்கள் வீட்டில் எதற்குத் துளசி என்று எவரும் கேட்கப் போவதில்லை என்ற தைரியம். சூட்டுக் கணக்கு மட்டும் உம்மாவுடையது. பகலில் நான் காலேஜில் இருந்ததால், பாங்கு சொல்வதைக் கேட்டுத் தொழுகிறவளைப்போல உம்மா நாலு வேளையும் தெர்மாமீட்டர் முன்னால் நின்று பார்த்து, அடுப்பு மேடைக்கு மேல் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தாள். அவள் எழுதியதை அப்படியே ஷீட்டில் இறக்கினேன்.

திங்கட்கிழமை எல்லோருடைய ஷீட்டையும் பலகையில் குத்தி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார்கள். சூழல் பாடம் எடுக்கும் மிஸ் மராத்திக்காரர், மெதுவாகத்தான் பேசுவார். என் ஷீட் முன்னால் வந்து வெகுநேரம் நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அக்டோபர் மாசம். மேலே வெறும் தகரம். மதியம் இரண்டு மணிக்கு வெளியே முப்பத்தாறு, உள்ளே முப்பத்தொன்று என்று எழுதியிருக்கிறாய்" என்றார் இந்தியில். "இந்தத் தகரம் எந்தக் கடையில் கிடைக்கும்? எனக்கும் வேண்டும்."

வகுப்பு முழுவதும் சிரித்தது.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு மிஸ்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் என் தெர்மாமீட்டரை வாங்கி இன்னொன்றின் பக்கத்தில் மாட்டிவிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போய்விட்டார். அரை மணி கழித்துத் திரும்பி வந்து பார்த்தார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. "தெர்மாமீட்டர் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் படம்தான். அடுத்த திங்கள் திருப்பிக் கொண்டு வா" என்று சொல்லி ஷீட்டையும் தெர்மாமீட்டரையும் கழற்றிக் கையில் கொடுத்தார்.

அவரைத் திட்டாத வார்த்தை இல்லை, எல்லாம் மனசுக்குள்தான். சயான் வருகிற வரைக்கும் திட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், கண்டுபிடித்தவர் மேல் கோபம். வீட்டுக்கு வந்து உம்மாவிடம், "நீ தப்பாப் பாத்து எழுதிட்ட" என்று பாய்ந்தேன். உம்மா தெர்மாமீட்டரை வாங்கிச் சுவரில் மாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப நீயே பாத்துச் சொல்லு" என்றாள். முப்பத்தொன்று. மாலை ஐந்துக்கு உம்மா குறித்து வந்த அதே எண். மின்விசிறிகூட நடுவாந்தரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் வெயில் உறைத்து நான் அவதிப்பட்டதாக ஒரு நாளும் ஞாபகமில்லை. எங்கள் வீடு நல்ல வீடு, குளிர்ச்சியான வீடு என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

மறுநாள் காலேஜுக்குப் போகவில்லை. மதியம் இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். கைப்பிடிக் கம்பி சுட்டது. அக்கா அப்போதுதான் மாட்டுங்காவிலிருந்து வந்திருந்தாள். அண்ணன் தரையில் ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மூலையில் நிமிர்ந்தால் தலை தகரத்தில் இடிக்கும். தகரத்தின் உள்பக்கம் சாக்குப்பையைப் பிரித்து ஆணியடித்திருந்தார்கள், தண்ணீர் தெளித்துத் தெளித்து அது கருத்துப் போயிருந்தது. தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று ஏறி நாற்பதில் நின்றது.

எங்கள் வீட்டுக் குளிர்ச்சி எங்களுடையது இல்லை. எங்கள் தலையில் விழ வேண்டிய வெயிலை இந்த இரண்டு பேர் பதினோரு வருஷமாக நடுவில் படுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு எங்களுக்கு வாடகையும் தருகிறார்கள். எனக்கு அழுகை வந்தது. அவர் தூங்குகிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

"அவிய முழிக்க மாட்டாவ. அளந்துக்கோ" என்று அக்கா டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே அளந்து எழுதாமல் போனது பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அளந்து முடித்ததும், "கரண்டு பில்லு ஒங்க வாப்பா பேருல. கேஸு சிலிண்டரு என் கூடப்பொறந்த அண்ணன் பேருல, கோபர்கைரனே அட்ரஸு. நாங்க இங்க இருக்கோம்னு ஒரு காயிதமும் கெடையாது. இதுல ஒரு காப்பி எனக்குத் தருவியா?" என்று கேட்டாள். தருகிறேன் என்றேன்.

சாயங்காலம் வாப்பா பட்டறையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். முப்பத்தொன்று, நாற்பது என்ற இரண்டு எண்களையும் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. மின்விசிறியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"வாத்திச்சி கேக்குதான்னா வரஞ்சு குடு. ஆனா அந்தக் காயிதம் காலேஜுலயே இருக்கணும். சந்துக்கு வரக்கூடாது" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். மேல் ரூமோடு புதிதாக வரைந்தேன். துளசியை எடுத்துவிட்டு ஏணியைப் போட்டேன், பதினாலு படி. கீழ் அறைக்கும் மேல் அறைக்கும் தனித்தனியாகச் சூட்டுக் கணக்கு எழுதினேன். தாமதத்துக்கு மார்க் குறைத்துவிட்டு, மிஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார். செம்பூர்க்காரி வந்து பார்த்து, "மேலே இருக்கிறவங்க எப்படித் தூங்குறாங்க?" என்று கேட்டாள். நான் பயந்த கேள்வி அதுவல்ல.

அன்றே ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் அந்த ஷீட்டைச் சின்னதாக்கி ஒரு காப்பி எடுத்தேன். வாப்பாவுக்குக் கொடுத்த வார்த்தை ஒரு பக்கம், அக்காவுக்குக் கொடுத்த வார்த்தை ஒரு பக்கம். முதலில் கொடுத்தது அக்காவுக்கு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, குழாய்க்குள் ஒளித்து எடுத்துப் போய்க் கொடுத்தேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசல் எது, அடுப்பு எது என்று விரலை வைத்துக் கேட்டாள். பிறகு முகம் வாடிவிட்டது.

"சிக்கா இல்லியா இதுல?"

ரப்பர் ஸ்டாம்பைத்தான் பம்பாயில் நாங்கள் சிக்கா என்போம். சிக்கா இல்லாத காகிதத்தில் கடலை மடிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"எனக்குச் சிக்கா கெடைக்க அஞ்சு வருஷம் படிக்கணுங்க்கா" என்றேன்.

"சரி, அப்பப் போட்டுக் குடு. இப்பப் பேர எழுது."

மேல் அறையின் கட்டத்துக்குள், படத்தில் எழுதும் கொட்டை எழுத்தில் அவர்கள் இருவர் பெயரையும் எழுதினேன். அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தமிழிலும் எழுதச் சொன்னாள், எழுதினேன். லேமினேஷன் போட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் மூன்றாம் வருஷம் வந்தபோது, நிஜமாகவே அளக்க வந்தார்கள். முக்காலியில் ஒரு மெஷின், கையில் டேப், கழுத்தில் அட்டை. ஒரு வாரத்துக்கு முன்பே சந்து முழுக்க ஒத்திகை பார்த்தாகிவிட்டது. டிரம்மும் பெஞ்சும் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டன. வாப்பாவும் பட்டறையை அடைத்துவிட்டு வாசலில் நின்றார். கீழே எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட பிறகு, வந்தவர் பேனாவால் ஏணியைக் காட்டினார்.

"ஊப்பர் க்யா ஹை?"

மேலே என்ன? சாமான் என்ற பதில் வாப்பாவின் நாக்கு நுனியில் இருந்தது எனக்குத் தெரியும். அதற்குள் அக்கா அந்த லேமினேஷன் ஷீட்டை நீட்டிக்கொண்டு ஏணியில் இறங்கி வந்தாள். வந்தவர் வாங்கிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார். சிக்கா இல்லை. வாப்பா பக்கம் நீட்டி, "இது யார் போட்டது?" என்று கேட்டார்.

வாப்பா என் எழுத்தைப் பார்த்தார். சந்துக்கு வரக்கூடாது என்று அவர் சொன்ன காகிதம் அது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஷீட்டில் நாற்பது என்று எழுதியிருந்த இடத்தில் கட்டை விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"என் மகள் வரைந்தது" என்றார் இந்தியில். "அளவு சரியாக இருக்கும். மேலே ஆள் இருக்கிறது. இரண்டு பேர்."

வந்தவர் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் கதவில் ஒரு எண்ணும் ஏணிக்கு மேல் கதவில் ஒரு எண்ணும் பெயிண்டால் எழுதிவிட்டுப் போனார். அந்த எண்ணால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று இன்றுவரை தெரியாது. வாப்பா என்னோடு எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் பட்டறையிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்து, மேல் ரூம் தகரத்துக்கு அடியில் தெர்மாகோல் பலகை அடிக்கச் சொன்னார். எந்தப் பக்கம் வெயில் கூட என்று என்னிடம்தான் கேட்டார்.

அடித்து முடித்த அன்று அக்கா ஷீட்டை மறுபடி பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். மேல் கதவு முழுவதையும் துடைத்தாள், எண் எழுதிய இடத்தை மட்டும் துடைக்கவில்லை. நான் இறங்கும்போது ஏணியின் மேல்படியில் நின்று சொன்னாள்:

"சிக்கா பாக்கி இருக்கு. மறந்துராத."

இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, மறக்கவில்லை.